அறுபது கிலோமீட்டர் கேள்வி

அன்றைக்கு அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் சரியாக ஆறு பேர். கதவோர நாற்காலியில் கண்காணிப்புக்கு வந்த டீச்சர். முதல் பெஞ்சில், சத்துணவுக் கூடத்தில் வேலைக்கு எழுதிப்போட்டிருந்த ஒரு அக்கா. அவருக்குப் பின்னால், வாட்ச்மேன் வேலைக்காக வந்த இரண்டு இளைஞர்கள். ஜன்னல் பக்கம், யார் கேட்டாலும் "சும்மா எழுதிப் பாக்கலாம்னு" என்று சொன்ன ஒரு பெரியவர். கடைசி பெஞ்சில் நான். என் மனைவி கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றதால் அவளைச் சேர்க்கவில்லை.

நாற்பத்தொரு வயதில், திருப்பத்தூரில், தனித்தேர்வராக எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுத உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காவலூர் மலைப் பக்கம் பதினெட்டு வருஷமாக லோடு வண்டி ஓட்டுகிறேன். சாமை மூட்டை, புளி மூட்டை, சில நாள் கல்யாணப் பந்தல் சாமான். ஓர் அலுவலகத்தில் ஜீப் டிரைவர் வேலை காலியாக இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம். லைசென்ஸ் இருந்தது, மலைப்பாதை மனப்பாடம். எட்டாவது பாஸ் என்கிற காகிதம் மட்டும் இல்லை.

முந்தின நாள் ஹால் டிக்கெட்டை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அதிலிருந்த போட்டோ என்னைவிடப் பயந்து போயிருந்தது. பேனா நான்கு வைத்திருந்தேன். நான்கும் ஒரே நேரத்தில் எழுதாமல் போனால் என்ன செய்வது என்று ஐந்தாவதையும் வாங்கச் சொன்னேன்.

"இன்னாய்யா, பரீட்ச எழுதப் போறியா, பேனா கட வெக்கப் போறியா?" என்றாள் மனைவி.

இருந்தாலும் பரீட்சை மேல் எனக்கு மரியாதை உண்டு. நேரில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டு ஆள் எடுத்தால் நான் தொலைந்தேன். அதிகாரி முகத்தைப் பார்த்தால் என் பெயரிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். விடைத்தாளுக்கு என் சட்டை தெரியாது, வாய் குழறுவது தெரியாது, என் மாமன் யாரென்றும் தெரியாது. ஒரு நம்பர், அதன் கீழே என் கையெழுத்து, அவ்வளவுதான். யோக்கியமான ஏற்பாடு. இந்த நினைப்பு தந்த தெம்பில் முதல் நான்கு கேள்விகளை நன்றாகவே எழுதினேன்.

ஐந்தாவது கேள்வி: ஒரு வாகனம் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அறுபது கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும்?

ஒன்றரை மணி நேரம். எழுதியும் விட்டேன். ஆனால் கை அடுத்த கேள்விக்கு நகரவில்லை. எந்த ரோடு என்று போடவில்லையே! கொண்டை ஊசி வளைவில் எவன் நாற்பதில் போவான்? இதை நம்பி யாராவது வண்டியை எடுத்துவிட்டால்? அதனால் கீழே சேர்த்தேன்: மலைப்பாதை என்றால் இரண்டரை மணி. மூட்டை ஏற்றியிருந்தால் மூன்று. இறங்கும்போது எதிரே பஸ் ஏறி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும், அதற்குப் பத்து நிமிடம். பனி இறங்கினால் வளைவுக்கு வளைவு ஹாரன். மண் சரிந்திருந்தால் போகாமலிருப்பதே நல்லது. வளைவில் டயர் எங்கே இருக்க வேண்டும் என்று படமும் போட்டேன்.

அப்போதுதான் மணி அடித்தது. இன்னும் மூன்று பெரிய கேள்விகள், அறுபது மார்க்குக்கானவை, தொடப்படாமல் கிடந்தன.

தாளை வாங்கிய டீச்சர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கணக்குல இதுக்கு மார்க் கெடையாதுங்களே."

"தெரியுங்க மேடம். யாரும் பள்ளத்துல வுழுந்துடக் கூடாதுன்னுதான்."

வெளியே வந்ததும் அந்த அக்கா விசாரித்தார். சொன்னேன். "அண்ணா, நானு கைடு புக்க மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். ஒன்னரன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போய்ட்டேன். உங்கள யாரு வண்டியில ஏறி உக்காரச் சொன்னது?"

என் மனைவி அவரைவிட அதிகமாகச் சிரித்தாள்.

ரிசல்ட் வந்தது. மற்ற பாடமெல்லாம் பாஸ். கணக்கில் முப்பத்து மூன்று, வேண்டியது முப்பத்தைந்து. அக்காவுக்கு எழுபத்தொன்று. போனில் சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். அந்த எழுபத்தொன்றுக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் விளங்கவில்லை. என் முப்பத்து மூன்றுக்கும் பிரேக்குக்கும் உள்ள சம்பந்தமும் அப்படித்தான்.

ஜீப் வேலை கீழ்நாட்டிலிருந்து, அதாவது சமவெளியிலிருந்து, வந்த ஒரு தம்பிக்குக் கிடைத்தது. நல்ல பிள்ளை, பத்தாவது பாஸ். முதல் தடவை மலை ஏறியபோது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி அழைத்துப்போனார். வளைவுக்கு வளைவு, "இங்க எத்தினில போலாம்ணே?" என்று கேட்டார். "பதினஞ்சு" என்றேன். ஐந்தாவது கேள்வியை அன்றைக்குத்தான் என்னிடம் சரியாகக் கேட்டார்கள்.

அடுத்த வேலை அறிவிப்பு வருவதற்குள் காகிதத்தை வாங்கிவிட வேண்டுமென்று, கணக்குக்கு மட்டும் மறுபடி பணம் கட்டியிருக்கிறேன். விடையைப் போட்டதும் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று மனைவி சத்தியம் வாங்கியிருக்கிறாள். பணமும் அவள் புளி விற்றுச் சேர்த்ததுதான். பாஸானால் திருப்ப வேண்டாம், ஃபெயிலானால் திருப்ப வேண்டும் என்பது பேச்சு. போன தடவைக்கு அறுநூறு, இந்தத் தடவைக்கு முந்நூற்றைம்பது. லோடு ஓட்டி இருநூறு கொடுத்திருக்கிறேன். இதிலும் ஃபெயிலானால் பாக்கி எழுநூற்றைம்பது ரூபாய்.