பார்வையாளர் நேரத்தில் ஏறி இறங்கிய பாட்டில்கள்

பிள்ளைகளா, செல்வி, மணி, நீங்கள் சிரிக்காமல் படிப்பதாக இருந்தால்தான் எழுதுவேன் என்று தொடங்க நினைத்தேன். முதல் வரியிலேயே எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதனால் சிரித்துக்கொண்டே படியுங்கள். இது மூத்திரப் பாட்டில் கதை.

1. ஆறு புது பாட்டில்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு அட்டெண்டன்ட். ஆபரேஷன் முடிந்தவர்களுக்குச் சிறுநீர் தானாக இறங்காது. கதீட்டர் என்கிற ரப்பர் குழாயை வைப்பார்கள். அதன் மறுமுனை கட்டிலடியில், மூடியில்லாத ஜாடிக்குள் தொங்கும். அந்த வழியாகக் கிருமி மேலே ஏறிவிடும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், பல் கிட்டும் நடுக்கம்.

இதைத் தடுக்க டாக்டர் ஞானம் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். வலப்பக்கம் ஆறு கட்டிலுக்கு இறுக மூடிய புது பாட்டில். இடப்பக்கம் ஆறு கட்டிலுக்குப் பழைய ஜாடி. எந்தப் பக்கம் காய்ச்சல் குறைவு என்று சார்ட்டில் பார்க்க வேண்டும்.

"முத்து, குழாயை எங்கயும் கழட்டக் கூடாது. கழட்டினா என் ஆராய்ச்சி போச்சு" என்றார்.

நான் கழற்றவில்லை. கோயில் விளக்கைப் பார்த்துக்கொள்வதுபோல் அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டேன்.

2. திங்கட்கிழமைக் காய்ச்சல்

அப்படியிருந்தும் புது பாட்டில் தோற்றுக்கொண்டே வந்தது. வாரம் முழுக்க நன்றாக இருப்பார்கள். திங்கட்கிழமை விடிந்தால் வலப்பக்கத்தில் இரண்டு பேர் போர்வைக்குள் நடுங்குவார்கள். இடப்பக்கத்தைவிட மோசம்.

ஞாயிறு பார்வையாளர் நேரம் நீளம். வீட்டுச் சாப்பாடுதான் காரணம் என்று டாக்டர் ஞானம் நினைத்தார். டிபன் கேரியரைப் பிடுங்கும் வேலை எனக்கு வந்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சின்னையா அண்ணன் வலப்பக்கத்து முதல் கட்டில். என்னை விடவில்லை.

"மீன் கொழம்பு என்ன தம்பி, குழாய் வழியாவா போவுது?"

"டாக்டர் உத்தரவுண்ணே."

"அப்ப டாக்டரையே சாப்பிடச் சொல்லு லா. ஆறிடப்போவுது."

குழம்பு போனதே தவிரக் காய்ச்சல் போகவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் இரண்டு பேர். டாக்டர் ஞானம் சார்ட்டைக் கையில் வைத்தபடியே சொன்னார்: "பெரிய டாக்டர் இன்னும் ஒரு வாரந்தான் குடுத்திருக்காரு முத்து. அடுத்த திங்களும் இப்படின்னா எல்லாருக்கும் பழைய ஜாடிதான்."



3. சம்பந்தி ஏறி வருகிறார்

இனி என் பெருமையைச் சொல்கிறேன். ஞாயிறுதோறும் பார்வையாளர் மணி அடித்ததும் நான் ஒரு மரியாதை செய்து வந்தேன். மருமகளும் சம்பந்தியும் வந்து நிற்கையில் ஒரு மனிதர் தன் மூத்திரப் பாட்டிலைக் காட்டிக்கொண்டா படுத்திருப்பார்? இடப்பக்கத்து ஜாடிகளைத் துணி போட்டு மூடினேன். அவற்றைத் தூக்கினால் சிந்தும். புது பாட்டில்தான் சிந்தாதே. ஆறையும் தூக்கி அவரவர் தொடையருகே படுக்கவைத்துப் போர்வையை இழுத்துவிடுவேன். யாரும் சொல்லித்தரவில்லை. என் சொந்தப் புத்தி.

அந்த ஞாயிறும் மணி அடித்தது. சின்னையா அண்ணனின் பாட்டிலைத் தூக்கினேன். குழாய்க்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு உண்டு. அதில், பாட்டிலில் கிடந்து கிருமி பெருகிய பழைய சிறுநீர் கட்டிலை நோக்கித் திரும்பிப் போவதைக் கண்டேன். பாட்டிலை இறக்கினேன். நின்றது. இவ்வளவு வாரமாக ஆறு பேருக்கும் என் கையாலேயே காய்ச்சல் ஊற்றியிருக்கிறேன்.

"என்ன தம்பி மரம் மாதிரி நிக்கிற? சம்பந்தி படியேறி வர்றாரு. தூக்கி மேல வையி."

"தூக்க முடியாதுண்ணே."

"தூக்கலன்னா நானே தூக்குவேன்."

செய்யக்கூடிய ஆள். வார்டுத் துணிகளை அடுக்கும் லினன் அறைக்கு ஓடினேன். ஆறு தலையணை உறைகளை அள்ளிக்கொண்டு வந்தேன். பாட்டிலை உறைக்குள் இறக்கி, கட்டிலின் கீழ்க்கம்பியில் தாழக் கட்டினேன். ஆறாவது முடிச்சைப் போடும்போது சம்பந்தி உள்ளே வந்துவிட்டார்.

அவர் கண் நேராக அங்கேதான் போனது. "அது என்ன மூட்டை?"

சின்னையா அண்ணன் அசரவில்லை. "ஆஸ்பத்திரில குடுத்தது சம்பந்தி. ஒழுங்கா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான் குடுப்பாங்க."

சம்பந்தி இடப்பக்கம் திரும்பி, மூட்டை இல்லாத ஆறு பேரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

4. திங்கட்கிழமை

வலப்பக்கத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. டாக்டர் ஞானம் சார்ட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சாப்பாடுதான் முத்து. நான் அப்பவே சொன்னேன்ல?"

பேசாமல் இருந்திருந்தால் எனக்கு நல்ல பெயர். சின்னையா அண்ணனுக்குத்தான் மீன் குழம்பு கிடைத்திருக்காது. சொல்லிவிட்டேன். தூக்கியது, படுக்கவைத்தது, கண்ணாடியில் பார்த்தது எல்லாம்.

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். "இத்தன வாரமா நீயா?"

"நான்தான் சார். மரியாதைக்கு."

"பாட்டில் கட்டிலுக்கு மேல வரக் கூடாதுன்னு நான் சொல்லலியா?"

"கழட்டக் கூடாதுன்னுதான் சார் சொன்னீங்க."

 சிரிப்பில் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "போச்சு. பழைய சார்ட் ஒண்ணும் உதவாது. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பெரிய டாக்டர் கேட்டா என்ன சொல்ல?"

"மூட்டையைக் காட்டுங்க சார்."

பெரிய டாக்டர் வார்டுக்கு வந்ததும் என்னையும் அழைத்துக்கொண்டு போய் அப்படியே காட்டினார். பெரிய டாக்டர் குனிந்து ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தார். "இன்னும் மூன்று மாதம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தார். அவர் போனதும் வார்டு மிஸ்ஸி, அதாவது வார்டின் தலைமை நர்ஸ், என் முன்னால் வந்து நின்றார். "முத்து, என் தலையணை உறை ஆறு எங்க?"

பிள்ளைகளா, செய்த தப்பைச் சொல்ல எல்லாரும் சொல்லித்தருவார்கள். நல்லது என்று நினைத்துச் செய்வதையும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதில் ஆறு கட்டில் நடுங்கியது.

மிஸ்ஸியிடம் திட்டு வாங்கி முடிந்ததும் லினன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். போர்வை அடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன். பிறகு கலைந்த போர்வையை உதறி, மூலைக்கு மூலை சேர்த்து, மடித்து வைத்தேன்.