போடிமெட்டு ஜீப்பில் பதினோராவது இருக்கை

பெருமதிப்பிற்குரிய வாசகப் பெருமக்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள். ஐப்பசி இரண்டாம் வாரத்தில் மேற்கொண்ட பயணத்தைக் கார்த்திகை பிறந்த பின்னரே எழுதுகிறேன். இத்தாமதத்தைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். குறிப்பாக, கம்பத்திலிருந்து மடல் அனுப்பிவிட்டு இருபது நாட்களாகக் காத்திருக்கும் சகோதரி ஷரிபா அவர்களிடம் தனியே மன்னிப்புக் கோருகிறேன். அவருக்குரிய பதில் இக்கட்டுரையின் இறுதியில் உள்ளது.

என்னைப் புதிதாக அறிபவர்களுக்கு ஒரு வரி. நான் விருதுநகரில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பணிபுரிகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு கல்வி நின்றது, நான் நிற்கவில்லை. நேரியல் திட்டமிடல் என்னும் கணிதத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாடநூல்களைக் கொண்டும், அலுவலகக் கணினியின் விரிதாளைக் கொண்டும் ஆறு ஆண்டுகளில் நானே கற்றேன். இருக்கும் வண்டி, ஆள், நேரம் ஆகியவற்றை வைத்து அதிகபட்சம் எவ்வளவு செய்ய முடியும் என்பதைத் துல்லியமாகச் சொல்லும் கலை அது. எவரேனும் அழைத்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்கே சென்று கணக்கிட்டுத் தருவதும், அந்தப் பயணத்தை இங்கே எழுதுவதும் என் வழக்கம்.

இம்முறை அழைத்தவர் போடிநாயக்கனூர் பாண்டியம்மாள் அக்கா. ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் பெண்களைத் திரட்டி அழைத்துச் செல்பவர். அவருடைய மகள் என் வலைப்பூவின் வாசகி. அவர் எழுதிய மடலின் சுருக்கம் இது: அம்மாவின் குழுவில் நாற்பத்து நான்கு பெண்கள். மூன்று ஜீப்புகள். சென்ற மாதம் ஒரு வளைவில் ஒரு ஜீப்பின் சக்கரம் சாலையை விட்டு இறங்கியதிலிருந்து, பதினொரு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று ஓட்டுநர்கள் முடிவு செய்துவிட்டனர். பறிப்புக் காலமாதலால் நான்காவது ஜீப்பு எங்கும் கிடைக்கவில்லை. அன்றாடம் சிலர் வீட்டிலேயே நின்றுவிடுகின்றனர். வெள்ளிக்கிழமைக்குள் முழுக் குழுவும் காலை எட்டு மணிக்குள் வந்து சேராவிட்டால், விடுபடும் இடங்களுக்குத் தோட்டத்திலேயே தங்கி வேலை பார்ப்பவர்களை எடுத்துக்கொள்வதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் 1.20-க்கு மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி 4.15-க்குப் போடியில் இறங்கினேன். கட்டணம் தொண்ணூற்றைந்து ரூபாய். பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. சன்னலைத் திறந்தால் மலை. அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை.

அன்று மாலையே பாண்டியம்மாள் அக்காவைச் சந்தித்தேன். எல்லாவற்றையும் விரல்விட்டுச் சொன்னார்.

"பக்கத்துத் தோட்டத்துக்கு இருவத்தாறு பேரு, தூரத்துத் தோட்டத்துக்குப் பதினெட்டுப் பேரு. ரெண்டும் ஒரே மொதலாளிதேன். தெனமும் பதினாலு பேரு நின்னு போறாக டீச்சரு."

நான் ஆசிரியை அல்ல என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. பதினான்கு என்றதும் என் பேனா நின்றது. மூன்று ஜீப்பு, ஜீப்புக்குப் பதினொரு பேர், ஆக முப்பத்து மூன்று. நாற்பத்து நான்கில் முப்பத்து மூன்று போனால் பதினொன்றுதானே? அக்கா எண்ணுவதில் தவறிவிட்டார் என்று எண்ணி, என் குறிப்பேட்டில் பதினான்கை அடித்துவிட்டுப் பதினொன்று என்று திருத்தி எழுதினேன். வாசகர்கள் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

புதன்கிழமை காலை 5.30-க்கு அவர்களோடு மலையேறினேன். கணக்கிட வேண்டிய சாலையில் ஒருமுறையேனும் பயணம் செய்யாமல் நான் எண்களைத் தொடுவதில்லை. வழக்கப்படி ஒவ்வொரு ஜீப்பும் ஒரு தெருவுக்குச் சென்று, வாசலுக்கு வாசல் ஒலியெழுப்பி, அத்தெருப் பெண்களை ஏற்றிக்கொள்கிறது. நான் ஏறியது செய்யது அண்ணனின் ஜீப்பு. உள்ளே பத்துப் பெண்கள், பத்துத் தூக்குவாளிகள்.

"எனக்கு இடம் இருக்குமா அண்ணா?" என்றேன்.

"ஒத்த சீட்டு சும்மாதேன் கெடக்கு. வெரசா ஏறுங்க."

ஏறி அமர்ந்தேன். மலையடிவாரத்து முந்தல் என்னும் ஊரைக் கடந்ததும் சாலை மேலே திரும்புகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறது. ஒன்பதாவது வளைவில் பொழுது புலர்ந்து, கீழே சமவெளி முழுவதும் தெரிந்தது. என் எதிரே அமர்ந்திருந்த செல்வி, "டீச்சரு, வாந்தி வந்தா சொல்லிப்புடுங்க, சன்னல் பக்கம் மாறிக்கிருவோம்" என்றார். அவருடைய நாத்தனார் ராணி, "அவுக நோட்டுல வாந்திக்கும் ஒரு கட்டம் போட்டுருப்பாக, நீ சும்மா இரு" என்றார். ஜீப்பே சிரித்தது. எனக்கு வாந்தி வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

போடிமெட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில் பக்கத்துத் தோட்டம். போடியிலிருந்து முப்பது கிலோமீட்டர், சரியாக ஒரு மணி நேரம். அங்கே நான்கு பேர் இறங்கினர். தூரத்துத் தோட்டம் நாற்பத்தாறாவது கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே 7.10-க்கு ஆறு பேர் இறங்கினர். மற்ற இரண்டு ஜீப்புகளும் இதே போல இரண்டு தோட்டங்களுக்கும் ஆள் கலந்து வந்து, தூரத்துத் தோட்டத்தில் நின்றன. மூன்றும் போடி திரும்பும்போது மணி 8.50. இரண்டாவது நடைக்கு வழியே இல்லை.

பிற்பகலில் விடுதி அறையில் விரிதாளைத் திறந்தேன். இவ்வகைக் கணக்கில் மூன்று கேள்விகள் மட்டுமே உண்டு. எதை நாம் முடிவு செய்யலாம்? எவையெல்லாம் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன? எதைப் பெரிதாக்க விரும்புகிறோம்? எந்த ஜீப்பின் எந்த நடையில் எந்தத் தோட்டத்துக்கு எத்தனை பேர் என்பது நாம் முடிவு செய்வது. இருக்கைகளும் எட்டு மணியும் கட்டுப்பாடுகள். நேரத்திற்குள் சேரும் பெண்களின் எண்ணிக்கை பெரிதாக வேண்டும். இவற்றைச் சமன்பாடுகளாக எழுதிவிட்டால், சாத்தியமான ஏற்பாடுகள் எல்லாம் பல மூலைகள் கொண்ட ஒரு வடிவத்துக்குள் அடங்கிவிடும். சிறந்த விடை ஏதேனும் ஒரு மூலையில் இருந்தே தீரும். கணினி மூலை மூலையாக நடந்து அதைக் கண்டுபிடிக்கும்.

அது கண்டுபிடித்த மூலை இதுதான். தெருவாரியாக ஏற்றுவதை விட்டுவிட வேண்டும். தூரத்துத் தோட்டத்தின் பதினெட்டுப் பேரையும் இரண்டே ஜீப்புகளில் அடக்கி, மீதமுள்ள நான்கு இருக்கைகளில் பக்கத்துத் தோட்டத்தாரை ஏற்ற வேண்டும். செய்யது அண்ணனின் ஜீப்பு பக்கத்துத் தோட்டத்துக்கு மட்டுமே இரண்டு நடை அடிக்க வேண்டும். 4.50-க்குப் புறப்பட்டால் 5.50-க்கு மேலே, 6.50-க்குக் கீழே, 6.55-க்கு மறுபடியும் புறப்பட்டு 7.55-க்கு மேலே. நான்கு நடை, நாற்பத்து நான்கு இருக்கை, நாற்பத்து நான்கு பெண்கள். ஓர் இருக்கையும் மிச்சமில்லை. அவ்வளவு அழகான விடையை நான் அதுவரை கண்டதில்லை. அன்று மாலை ஒரு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை அதிகாலை அனைவரையும் பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடை முன் வரச் சொல்லி, அக்கா சொன்ன வரிசையிலேயே எழுதிய பெயர்ப் பட்டியலை வாசித்தேன். பத்துப் பேர் ஏறினர். பதினோராவது பெயருக்குரியவர் ஏறவில்லை. ஏறுமாறு கேட்டுக்கொண்டேன். அவர் தன் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். பின்பு தரையைப் பார்த்தார். நேரம் போகிறது என்று செய்யது அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். 5.30-க்குப் புறப்பட்ட இரண்டு ஜீப்புகளிலும் இதே கதை, 6.55-க்கும் இதே கதை. என் முழுமையான விடையின்படி நான்கு இருக்கைகள் காலியாக மலையேறின. நான்கு பெண்கள் என் முன்னே தூக்குவாளிகளோடு நின்றனர்.

"ஏன் அக்கா ஏறவில்லை?" என்று பாண்டியம்மாள் அக்காவைக் கேட்டபோது என் குரலில் சற்றுக் கடுமை இருந்தது.

"ஒத்தையா எப்படி டீச்சரு ஏறுவாக? காயி பறிக்கிறது சோடியாத்தேன். செடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ரெண்டு பேத்துக்கும் ஒரே சாக்கு, ஒரே எடை. ஒருத்தி போயி, இன்னொருத்தி வண்டி வரலைன்னா, போனவளுக்கும் அன்னைக்குச் சோலி கெடையாது. அதேன் ரெண்டு சீட்டு இருந்தாத்தேன் ஏறுவாக."

பதினொன்று ஒற்றைப்படை எண். ஒவ்வொரு நடையிலும் ஐந்து சோடிகள் அமர்ந்தபின் ஓர் இருக்கை காலியாகத்தான் போகும். மூன்று ஜீப்பில் முப்பது பேர். நின்று போவது பதினான்கு பேர். அக்கா எண்ணியது சரி. நான் திருத்தியதுதான் தவறு. அந்தக் காலி இருக்கை புதன்கிழமையே என் கண்முன் இருந்தது. அதில் நானே அமர்ந்து பயணம் செய்ததால் எனக்குத் தெரியவில்லை.

"இதை முன்பே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"பதினாலுன்னு சொன்னேன்ல. நீங்கதேன் அடிச்சு எழுதுனீக. படிச்சவுக, ஏதோ கணக்கு இருக்கும்னு நெனச்சேன்."

 தேநீர்க் கடைப் பலகையிலேயே அமர்ந்து கணக்கை மறுபடி எழுதினேன். இம்முறை அலகு பெண் அல்ல, சோடி. இருபத்திரண்டு சோடிகள்; நான்கு நடைகளில் இருபது. இரண்டு சோடிகள் வெளியே. ஒவ்வொரு நடையையும் தனித்தனியே பார்க்கும்வரை இந்த விடை மாறாது. இரண்டு நடைகள் சேர்ந்து ஒரு சோடியைச் சுமந்தால் மட்டுமே மாறும். ஒன்பது மணிக்கு மேல் ஜீப்புகள் திரும்பியதும் ஓட்டுநர்களைக் கேட்டேன். 5.30 ஜீப்புகள் இரண்டும் ஒன்றை ஒன்று விடாமல் செல்ல இயலுமா?

"முன்வண்டி நின்னா பின்வண்டியும் நிக்கணும், அம்புட்டுத்தானே? போகலாம்" என்றார் செய்யது அண்ணன். மற்ற இருவரும் தலையசைத்தனர்.

அப்படியானால் அவை இரண்டும் சேர்ந்து இருபத்திரண்டு இருக்கைகள் கொண்ட ஒரே வண்டி, பதினொரு சோடிகள். ஒரு சோடி தீர்ந்தது. மற்றொன்று செய்யது அண்ணனின் ஜீப்பு. அதன் இரண்டு நடைகளுக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி. ஒருத்தி 4.50-க்கும் அவள் சோடி 6.55-க்கும் போக யார் சம்மதிப்பார்கள்? பின்னவள் தாமதமானால் முன்னவளின் நாளும் போய்விடுமே. இதற்குச் சமன்பாடு இல்லை. மாலையில் மலையிறங்கி வந்த பெண்களிடம் நேரடியாகவே கேட்டேன். 

செல்விதான் முதலில் தன் சோடியான ராணியைப் பார்த்துச் சொன்னார்: "நான் முன்னாடி போறேன்டி. நீ ரெண்டாவது வண்டில வா. ஒன் வீட்டுக்கார அண்ணன் மில்லுல நைட் சிப்டு முடிஞ்சு ஆறரைக்கு வந்துரும்ல? புள்ளய அது கையில குடுத்துட்டு வரலாம். தெனமும் தூங்குறதத் தூக்கிட்டுப் போயிப் பக்கத்து வீட்டுல போட்டுட்டு வர்ற."

"ஒனக்கு ரெண்டு மணி நேரம் அங்கன சும்மா குளுருல உக்காரணுமே, மதினி."

"உக்காந்துட்டுப் போறேன். நீ மட்டும் அஞ்சு நிமிசம் பிந்துன, அங்கன இருந்தே வைவேன்."

இருபத்திரண்டு சோடிகளும் அடங்கின.

வெள்ளிக்கிழமை காலை 4.50-க்கு முதல் நடை பதினொரு பேரோடு சென்றது. 5.30-க்கு இரண்டு ஜீப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. செய்யது அண்ணன் 6.52-க்குத் திரும்பினார். ராணி ஓடி வந்து ஏறினார். நானும் ஏறுவதற்குக் காலெடுத்து வைத்தேன்.

"எங்கிட்டு டீச்சரு?" என்றார் பாண்டியம்மாள் அக்கா. "சீட்டு ஏது?"

உண்மைதான். நான் போட்ட கணக்கில் எனக்கு இடமில்லை. ஜீப்பு 6.56-க்குப் புறப்பட்டது. தேநீர்க் கடையில் நானும் அக்காவும் மலையைப் பார்த்து நின்றோம். மேல் வளைவுகளை மஞ்சு மூடியிருந்தது. என் கணக்கில் கையிருப்பு ஐந்து நிமிடம் மட்டுமே. மேலே செல்வி தனியே காத்திருந்தார். 7.58-க்கு அக்காவின் கைப்பேசி ஒலித்தது.

"வந்துட்டோம்! பதினோராவது வளைவுல ஒண்ணுமே தெரியல, செய்யது அண்ணே லைட்டப் போட்டு நத்தையாட்டம் ஏத்துனாக" என்று ராணியின் குரல் கேட்டது. பின்னால் மேற்பார்வையாளர் மலையாளம் கலந்து கேட்பதும் கேட்டது: "நாப்பத்தி நாலும் வந்தோ? சரி, பேரு எழுதிக்கோ." தூரத்துத் தோட்டத்துப் பதினெட்டுப் பேர் ஏற்கெனவே இறங்கியிருந்தனர். அக்கா கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு, "ரெண்டு டீ குடுப்பா, டீச்சருக்குச் சீனி தூக்கலா" என்றார்.

இவ்வழியே செல்ல விரும்புவோர் கவனத்திற்கு: காலை ஐந்து முதல் ஏழு வரை தொழிலாளர் ஜீப்புகளில் இடம் கேட்காதீர்கள், காலியாகத் தெரியும் இருக்கைக்கும் ஒரு காரணம் இருக்கும். மூணாறு செல்லும் பேருந்தில் போடிமெட்டில் இறங்கிக்கொள்ளலாம். இருபத்தேழு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஐப்பசியில் குளிராடை அவசியம். முன்னிருக்கை கிடைத்தால் விடாதீர்கள். கணக்குப் போட விரும்புவோர்க்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை. கட்டணமில்லா விரிதாள் போதும். ஆனால் ஊரார் சொல்லும் எண் உங்கள் எண்ணோடு பொருந்தாவிட்டால், அடித்து எழுதும் முன் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். நான் ஆறு ஆண்டுகளில் கற்காததை அந்த மூன்று எண் வித்தியாசத்தில் கற்றேன்.

சகோதரி ஷரிபா அவர்களுக்கு: கம்பம்மெட்டு வழியாகச் செல்லும் தங்கள் குழுவில் அறுபத்து மூன்று பேர் என்றும், ஐந்து ஜீப்புகள் என்றும் தெளிவாக எழுதியிருந்தீர்கள். நான் உறுதியாக வருகிறேன். ஆனால் யாரோடு யார் சோடி என்று எழுதவில்லை. அறுபத்து மூன்றாவது ஆள் யாரோடு பறிக்கிறார் என்றும் எழுதவில்லை. அதை விரைந்து எழுதி அனுப்புங்கள்.