உப்பு தின்ற நட்டு

என் தங்கையின் கணவரை நான் இரண்டு முறை அடித்திருக்கிறேன். இரண்டும் ஒரே காலையில் நடந்தவை. முதல் அடி கையால். அதைப் பார்த்த சாட்சி உண்டு. இரண்டாவதை யாரும் அடி என்று நினைக்கவில்லை, விபத்து என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். கூடவே ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பொய்யால் அவர் ஒன்பது வருடம் தன் வீட்டிலேயே தலைகுனிந்து சாப்பிட்டார்.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தியவன். கோபக்காரன். ஒருமுறை டஸ்டரை எறிந்து ஒரு மாணவனின் புருவத்தைக் கிழித்துவிட்டேன். அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடமே மன்னிப்புக் கேட்டான். அது அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. ஓய்வு பெற்றதும், கோட்டுச்சேரிப் பக்கம் சாலையோரத்தில் மாப்பிள்ளையோடு சேர்ந்து லாரிப் பட்டறை போட்டேன். தங்கையின் கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு முப்பது வருடம் லாரிக்கு அடியில் கிடந்தவர் அவர். பட்டறைக்கு வரும் டிரைவர்கள் என்னை ‘சார்’ என்று கும்பிட்டுவிட்டு, வண்டியில் என்ன கோளாறு என்பதை அவரிடம் போய்ச் சொல்வார்கள். அது எனக்கு உறுத்தியது. எவ்வளவு உறுத்தியது என்று அப்போது எனக்கே தெரியாது.

எங்களிடம் இரண்டு ஏர் கன் இருந்தன. காற்றில் ஓடும், சக்கர நட்டைக் கழற்றும் கருவி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அது நட்டைத் திருகுகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது அடிக்கிறது. உள்ளே காற்று ஒரு சுத்தியலைச் சுழற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அது, நட்டைக் கவ்வும் சாக்கெட் மாட்டிய முன்தண்டின் மேல் மோதும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான அடி. அந்த அடியை மணிக்கட்டில் வாங்கிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. டஸ்டரும் பிரம்பும் போன பிறகு எனக்குக் கிடைத்தது அதுதான்.

மாப்பிள்ளையின் கன் பழையது. முழுக்க இரும்பு. தூக்கினால் தோள் இறங்கும். ஒற்றைச் சுத்தியல். ‘டொக்… டொக்…’ என்று யோசித்து யோசித்து அடிக்கும். நான் வாங்கியது புதியது. மேல்கூடு பிளாஸ்டிக் கலவை, உள்ளே இரட்டைச் சுத்தியல், எடை பாதிதான். அதனோடு வந்த தாளில் போட்டிருந்த விசை பழையதைப் போல ஒன்றரை மடங்கு. நான் நோட்டுப் போட்டு ஒப்பிட்டேன்: எடை, அடியின் வேகம், இறுகிய நட்டு எத்தனை நொடியில் அசைகிறது, அரை நாள் பிடித்தால் விரல் எவ்வளவு மரத்துப்போகிறது. நல்ல நட்டுகளில் என் கன்தான் ஜெயித்தது. மீன் லாரி வந்தால் மட்டும் தோற்றது.

கருக்களாச்சேரித் துறையிலிருந்து மீன் ஏற்றும் லாரிகளின் சக்கரம் வேறு மாதிரி. ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் இரவும் பகலும் அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நட்டுகளை உப்பு தின்றிருக்கும். துரு நட்டை, அது ஏறியிருக்கும் சக்கரத் தண்டோடு ஒட்டிவிடும். அதே சமயம் வெளியே நட்டு தேய்ந்து ஒரு சைஸ் குறைந்திருக்கும். சரியான சாக்கெட்டைப் போட்டால் உள்ளே ஆடும், வழுக்கும். பழைய கன்னின் மெதுவான, கனமான அடிக்கு அந்தத் துரு விட்டுக்கொடுக்கும். என்னுடையது அதன்மேல் சடசடவென்று அடித்து மூலையை மழுக்கும்.

மாப்பிள்ளையிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. நட்டு முரண்டு பிடித்தால் காதைச் சக்கரத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வார். “விடுறதுக்கு முன்னாடி சத்தம் மாறும் மச்சான். அப்ப நிறுத்தலன்னா தண்டு ஒடஞ்சிடும்” என்பார். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அதனால் நம்பவும் இல்லை. ஆனால் அவர் கை வைத்த சக்கரத்தில் தண்டு ஒடிந்து நான் பார்த்ததில்லை.

அன்று காலை ஒரு மீன் லாரி வந்தது. பின்சக்கரம் இரண்டையும் கழற்ற வேண்டும். டிரைவர் இறங்கியதும் மாப்பிள்ளையைப் பார்த்து, “அந்தப் பழைய கன்ன எடுங்கண்ணே, சார் மெஷினு நமக்கு வேணாம்” என்றான்.

“அப்படிச் சொல்லாதய்யா, சார் மெஷினு பேப்பர்ல பிரமாதமா அடிக்கும்” என்றார் மாப்பிள்ளை. “வண்டியிலதான் கொஞ்சம் வெக்கப்படும்.”

மச்சான் மாப்பிள்ளை முறையில் இதைவிட மோசமான கேலியெல்லாம் நாங்கள் பேசியிருக்கிறோம். ஆனால் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் மாப்பிள்ளையை ஓங்கி அறைந்தேன். உதடு பல்லில் பட்டுக் கிழிந்து மோவாயில் ரத்தம் இறங்கியது. முப்பது வருடமாக ‘வாங்க மாப்ள’ என்று கூப்பிட்ட மனிதரை, “யாருக்குடா வெக்கம்?” என்று கேட்டேன்.

டிரைவரின் சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை ரத்தத்தைத் துப்பினார். கையை ஓங்கவில்லை. “சரி மச்சான்” என்றார். “ரெண்டு சக்கரம் இருக்கு, ரெண்டு கன்னு இருக்கு. அடிச்சுப் பாத்துருவோம். என்னைய அடிச்சா நட்டு கழலுமா?”

வலது சக்கரத்தை அவர் எடுத்துக்கொண்டார். டொக், டொக், டொக். ஒவ்வொரு நட்டாகக் கழன்று தரையில் விழுந்தது. நான் இடது சக்கரத்தில் மூன்று நட்டுகளை எடுத்தேன். நான்காவது அசையவில்லை. கறுப்புச் சாக்கெட் வழுக்கி நட்டின் மூலைகளைச் சீவியது. அவர் பக்கம் கடைசி நட்டு விழும் சத்தம் கேட்டது.

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கம்ப்ரஷரிடம் போனேன். கன்னுக்குத் தொண்ணூறு பவுண்டு காற்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது. திருகைத் திறந்து நூற்று நாற்பது வைத்தேன். பிறகு கைக்கருவிப் பெட்டியிலிருந்து, ஒரு சைஸ் சின்னதான, பளபளக்கும் வெள்ளைச் சாக்கெட்டை எடுத்தேன். வெள்ளைச் சாக்கெட் கையால் திருகுவதற்கு மட்டுமே. அதன் இரும்பு கடினமானது, ஆனால் கண்ணாடி மாதிரி; தொடர்ந்து அடி வாங்கினால் சிதறும். கறுப்புச் சாக்கெட்தான் அடி தாங்கும். இதை வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். அந்த வெள்ளைச் சாக்கெட்டைத் தேய்ந்த நட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை என் பக்கம் வந்தார். சாக்கெட்டைப் பார்த்தார். “வெள்ளை தாங்குமா மச்சான்?” என்றார்.

கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்டார். அவருக்குத் தெரியாதது, எனக்குத் தெரிந்தது என்று அந்தப் பட்டறையில் இருந்தது அது ஒன்றுதான்.

“தாங்கும்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கிழிந்த உதட்டோடு குனிந்து, எனக்காகச் சக்கரத்தில் காதை வைத்தார். நட்டு விடும் நேரத்தைச் சொல்ல. என் சக்கரத்தின் தண்டு ஒடியாமல் இருக்க. விசையை அழுத்தினேன். கன் என் கையில் மாடு திமிறுவது போலத் திமிறியது. “இன்னும் இல்ல… இன்னும் இல்ல…” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை சொல்லவில்லை. சாக்கெட் வெடித்தது.

துண்டு ஒன்று என் முழங்கையைக் கீறிக்கொண்டு போனது. இன்னொன்று அவருடைய இடது கண்ணுக்குள் போனது. கன்னை விட்டுவிட்டு நான் பார்த்தபோது அவர் மல்லாந்து கிடந்தார். இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்தியிருந்தார். விரல் இடுக்கில் ரத்தமும், ரத்தம் இல்லாத வேறொன்றும் வழிந்தது. டிரைவர் கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

அவரைத் தூக்க நான் முதலில் போகவில்லை. கம்ப்ரஷரிடம் போனேன். திருகைத் தொண்ணூறுக்கு இறக்கினேன். அதற்குப் பிறகுதான் அவரிடம் வந்து குனிந்தேன்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு பாண்டிக்கு அனுப்பினார்கள். பாண்டியில் கண்ணை எடுத்தார்கள். வார்டு வாசலில் என் தங்கை என் சட்டையைப் பிடித்து உலுக்கி, “எப்புடிண்ணே? எப்புடி?” என்று கேட்டாள். “அவருதான் அந்த வெள்ளைச் சாக்கெட்ட எடுத்துக் குடுத்தாரு. வேணாம்னேன். கேக்கல. தலையையும் கொண்டுபோய் உள்ள வச்சாரு” என்றேன். வாய் குழறவில்லை. வகுப்பு நடத்துவது போலச் சொன்னேன். டிரைவர் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றவன்; சாக்கெட்டை எடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது.

அவள் நம்பினாள். அவர் தேறி வந்ததும் கருவிகளை எடைக்குப் போட்டாள். பட்டறைப் பக்கம் போகவிடவில்லை. கோவில்பத்தில் அவர்கள் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் காதில் விழும். “படிச்ச மனுஷன் வேணாம்னு சொல்லியும் கேக்காம கண்ணக் குடுத்துட்டு வந்து ஒக்காந்திருக்காரு.” சோறு போடும்போது சொல்வாள். விருந்தாளி முன்னால் சொல்வாள். அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். என் குழம்பில் அவள் பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போடுவாள்.

போன மாதம் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. ஒரு கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்து, தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் கை நீட்டினேன். சொம்பு இருந்த இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே கை மூடிக்கொண்டது. நாலு முறை நீட்டினேன். எனக்கு அது ஒரே ஒரு நாள். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் நேராக அவர் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்குப் போய், மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். “தெரியும் மச்சான்” என்றார். “ஒரு கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு. நான் கீழ கெடக்கேன், நீங்க கம்ப்ரஷர்கிட்ட போறீங்க. பாத்தேன்.”

அவர் கையிலிருந்த காலித் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

“எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க. தெனம் அடி வாங்குறவன் நான்” என்றார்.

இருவரும் கோவில்பத்துக்கு நடந்தோம். தங்கை கொல்லைப்புறத்தில் அரிவாள்மணையில் கொடுவா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தச் சொன்னேன். “சொல்லுண்ணே, காது சும்மாத்தானே இருக்கு” என்றாள். சொன்னேன். மீன் பாதி அறுபட்டபடி மணையில் நின்றது.

“இவரு எடுத்துக் குடுக்கலையா?”

“இல்ல. நான்தான் எடுத்தேன்.”

“தாங்குமான்னு இவரு கேட்டாரா?”

“கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“தாங்கும்னு சொன்னேன்.”

எழுந்து வந்து அறைந்தாள். செதிளும் குடலும் ஒட்டிய கை. இரண்டாவது அடி அறுவை செய்த கண்ணின் மேல் விழுந்தது. மூன்றாவதற்கு நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். விடவில்லை. தலையில், தோளில், முதுகில் அடித்தாள். அடிக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னாள்: “சோத்துல… சோத்துல வச்சு… சொன்னனே… பாவி… தெனமும் சொன்னனே…” மாப்பிள்ளை தடுக்கவில்லை. நான் கையை உயர்த்தி மறைக்கவும் இல்லை. பிறகு காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என்னை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

படியில் கிடந்தேன். உள்ளே அவள் அவர்மேல் பாய்வது கேட்டது. “நீங்க ஏன் வாயத் தொறக்கல? ஊமையா நீங்க? ஒம்பது வருஷம் ஏன் என்னையப் பேச விட்டீங்க?” ஏதோ பாத்திரம் சுவரில் மோதி உருண்டது.

அப்போது அவர் கத்தினார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து ஒன்பது வருடத்தில் நான் கேட்டதில்லை. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

“நான் சொன்னா நம்பியிருப்பியாடி? ஒங்கண்ணன் படிச்சவரு!”

நான் பிடிமானத்துக்குச் சுவரைத் தேடி எழுந்தேன். அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.