பன்னீர் டின்காரர்

மதுவிலக்கு இருந்த காலம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களின் டின்களை மோந்து பார்த்துச் சாராயம் பிடிப்பதுதான் ஏட்டாக இருந்த என் வேலை. மூக்கை நம்பிய பிழைப்பு.

சனிக்கிழமைதோறும் ஜிப்பா போட்ட ஒருவர், கல்யாண வீடுகளுக்கு என்று பன்னீர் டின்னோடு வருவார். இறங்கியதும் ஒரு நீலச் சீசாவைக் கவிழ்த்து, காதுக்குப் பின்னால் சென்ட் தொட்டுக்கொள்வார். மல்லிகையும் ரோஜாவும், அடியில் சாம்பிராணியுமாக வீசும். யோக்கியனுக்கு எதற்கு இத்தனை வாசனை?

ஆடி பிறந்தும் டின் வந்தது. மறித்தேன்.

"ஆடி மாசத்துல எவன் ஊட்டுலய்யா கல்யாணம்?"

"தாராளமா மோந்து பாருங்க ஏட்டையா. மொதல்ல கையக் காட்டுங்க. சீமை சென்ட்டு, எங்க நைனா காலத்துலேர்ந்து இதான். இன்னும் மவுசு கொறையல" என்று சொல்லிக்கொண்டே என் விரல்களில் தேய்த்துவிட்டார்.

அந்த விரல்களாலேயே மூடியைத் திறந்து மோந்தேன். மல்லிகை. அன்று மோந்த டின் எல்லாமே மல்லிகைதான். வீட்டில் சோற்றிலும் அதுவே.

"யாரு ஊட்டு வாசன இது?" என்று பெண்சாதி முறைத்தாள்.

அவர் டின்னில் இருந்தது என்னவென்று இன்றுவரை தெரியாது. அடுத்த சனிக்கிழமை, பிடித்தே தீருவது என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நின்றேன். அவர் இறங்கினார், சீசாவை எடுத்தார். என் கை தானாக நீண்டது.