கேட்டலாக் இல்லாத தலை

எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர் செத்தபோது ரிங்லெட் டவுனிலிருந்து சரிசெய்ய வந்தவர் அவர். எதற்கும் பதில் சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியில் துடைப்பார்.

"பேக்கப் டிஸ்க் பத்திரமா இருக்குலா," என்றேன், கணக்கு எழுதும் கிராணி என்ற கெத்தோடு.

துடைத்தார். "எல்லாம் இருக்கு அண்ணே, துண்டு துண்டா. எந்தத் துண்டு எங்கேன்னு சொல்ற கேட்டலாக்தான் செத்த கம்ப்யூட்டரோட போச்சு. இனி டிஸ்க்கை முதல்லேருந்து படிச்சு, புதுசா கட்டணும்."

சாயங்காலத்துக்குள் கொழுந்துக் கணக்கு மொத்தமும் திரும்பி வந்தது. "உங்க பேரை மறக்கவே மாட்டேன்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் கியா பார்ம் காய்கறிக் கடையில் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "என் பேரை மறக்கலையே, அண்ணே?"

"அதெப்படிலா?" என்றேன். பேர் தலைக்குள் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

அவர் சிரித்தபடி கண்ணாடியைக் கழற்றினார்.