சின்னத் தும்பிக்கை

மலேசியாவின் இந்தக் கேமரன் மலையில், காட்டு விலங்கு ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்கிறார்கள். வந்து பத்து வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை. எங்கள் சத்தியமங்கலம் பக்கம் வண்டியை அணைத்துவிடுவோம். என் அப்பா காட்டோரம் ஆடு மேய்த்தவர். யானை எதிரில் வந்தால் ஒதுங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். "நீங்க போங்க சாமி, நாங்க பொறவு வர்றோம்" என்பார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் நின்றாராம். பயம் மட்டுமில்லை. அது போன பிறகு வெகுநேரம் அவர் முகம் சிரித்தபடி இருக்கும். நானும் அப்படி நின்றவள்தான். கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பின், இதையே சொல்லிச் சொல்லித்தான் மகளைத் தூங்கவைத்தேன். அவள் யானையைப் பார்த்ததில்லை.

போன வாரம் கொழுந்து எடுக்கப் போகும் லோரியில் அவளையும் ஏற்றிக்கொண்டோம், வழியில் ஸ்கூலில் இறக்கிவிட. பனிமூட்டத்துக்குள் ஒன்று ரோட்டை மறித்து நின்றது. முன்பாதி கறுப்பு, நடுவயிறு வெள்ளை, தொங்கும் மூக்கு. டிரைவர் லோரியை நிறுத்தி ஹாரன் அடித்தார். அதற்குள் மகள் இறங்கிவிட்டாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈர ரோட்டில் ஓரமாக நின்றாள். "நீங்க போங்க சாமி."

லோரியே சிரித்தது. "ஐயோ, அது தெனுக்லா, யானையில்ல!" என்றார் டிரைவர். தெனுக் என்றால் இங்கத்துக் காட்டில் திரியும் டேப்பிர், பார்க்கப் பெரிய பன்றி போல இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா என் தொடையில் தட்டினாள். "என்னா புள்ள, ஒங்க ஊர்ல பன்னி வந்தாலும் பூசதானா?"

நானும் சிரித்தேன். "எனக்கென்னா தெரியும்? டிவில பாத்துருப்பா லா" என்றேன். இவர்கள் பேச்சின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' என் வாயில் அவ்வளவு சுலபமாக அதற்கு முன் வந்ததில்லை.

மகள் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஏறினாள். ஸ்கூல் வரும்வரை அதைப் போடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். காட்டில் என்ன பார்த்தாய் என்று பேத்தியிடம் எப்போதும் கேட்பார். "ஒண்ணும் வரல அப்புச்சி" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"காடுன்னா ஒண்ணுமில்லாம இருக்குமா அம்மிணி?" என்றார் அப்பா.

மகள் என் எதிரிலேயே நின்றாள்.

"வந்துச்சுங்கப்பா. சின்னத் தும்பிக்கையோட ஒண்ணு. பாப்பா ஒதுங்கி நின்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன்."

"பாப்பாகிட்டக் குடு" என்றார் அப்பா.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து, அதன் மூக்கு எவ்வளவு நீளம் என்று கையை விரித்து அவருக்குக் காட்டினாள். போனில் எங்கே தெரியும்? ஆனாலும் அவர் அங்கிருந்து ஏதோ கேட்டார், இவள் சிரித்தாள். கடலுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் பேசிக்கொண்டிருந்தன. நான் கதவுக்கு உள்பக்கமே நின்றேன்.