மலையில் இருந்த மாப்பிள்ளை

என் பெரியப்பா எவரோடு பேச்சுக் கொடுத்தாலும், கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் அந்த ஆளின் பூட்டன் யார் என்று கண்டுபிடித்துவிடுவார். லண்டனில் நோர்பரிப் பக்கம் குடியிருந்த அவர்தான் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். "தம்பி எந்த ஊர்?" என்று சிரித்துக்கொண்டே தொடங்குவார். பிறகு, "கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ?" அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்காது. ஒன்று முகம் மலரும், அல்லது கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார். 2009ஆம் ஆண்டு, இலங்கையில் போரில் ஊர்களே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. லண்டனில் பெரியப்பா மட்டும் ஊர் விசாரிப்பதை நிறுத்தவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் தயங்காமல் ஒரு ஜெர்மன் மலைக்கிராமத்தின் பெயரைச் சொல்வேன். நான் பிறந்தது அங்கேதான். பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினாலும் உங்கள் வாய்க்குள் நுழையாது. பிள்ளை ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று அப்பா ஜெர்மன் கடவுச்சீட்டோடு எங்களைக் கூட்டிக்கொண்டு லண்டனில் மிச்சம் என்ற பகுதிக்கு வந்துவிட்டார். வந்தாரே தவிர, மனசு மலையிலேயே நின்றுவிட்டது. "அங்கை எண்டால்..." என்று அவர் ஆரம்பித்தால் அம்மா உடுப்பு மடிக்க எழுந்து போய்விடுவார்.

அந்த வருடம் அப்பாவின் தங்கை, என் மாமி, எங்களோடு இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பு விசாவில் வந்தவர். குரோய்டனில் ஒரு கல்லூரிக்குப் போவார், மற்ற நேரம் கடையில் வேலை. என்னுடைய அறையில்தான் படுப்பார். கோடை தொடங்கியபோது மாமிக்குத் திடீரென்று ஜெர்மனி மீது ஆசை வந்துவிட்டது. தலை வாரி இழுத்துவிடுகிற சாட்டில் என்னைப் பிடித்து இருத்தி, அந்தக் கிராமத்தைப் பற்றிச் சொல் என்பார். கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்தால் விடுவேனா?

எல்லாம் சொன்னேன். மலையைச் சுற்றி மதில், ஊருக்குள் போக ஒரேயொரு வாசல், அந்த வாசலுக்கு மேலே சேவல் செதுக்கிய கல். சந்தியில் ஒரு கிழட்டு மரம். முந்தி அதற்குக் கீழேதான் வழக்குப் பேசுவார்களாம். ஊருக்கெல்லாம் பொதுவாக ரொட்டி சுடுகிற ஒரு வெதுப்பகம். சனிக்கிழமைகளில் பெண்கள் முறை வைத்துப் பாண் சுடுவார்கள். பல நூறு வருடங்களுக்கு முன் சுவீடன் படை வந்து ஊரைக் கொளுத்தியது. பிறகு கட்டின தேவாலயத்துக்குப் பெரிய கோபுரம், சின்ன உடம்பு. கோபுரத்தோடு காசு முடிந்துவிட்டது. உச்சியில் இடிந்த கோட்டை, அதற்குள் அடி தெரியாத கிணறு. சுவீடன்காரர் கொண்டுபோகாமல் தேவாலய மணியை அதற்குள் இறக்கினார்களாம். இன்றைக்கும் கிணற்றுக் கட்டில் காதை வைத்தால் மணிச்சத்தம் கேட்கும். மாமி ஒன்றும் விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினார். பிழைவிட்டால் திருத்தினேன். நான் நல்ல கண்டிப்பான வாத்தியார்.

அந்த நாட்களில்தான் மாமிக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்ற கதை வீட்டில் அடிபட்டது. பெட்ரோல் நிலையத்துக் கடையில் வேலை, நல்ல பிள்ளை என்று அம்மா சொன்னார். "அண்ணையவை மாட்டன் எண்டால் நான் ஒருத்தரையும் கட்டமாட்டன்" என்று மாமி குசினி அடுப்படியில் அழுததையும் கேட்டேன். பெரியப்பா, "ஆளை ஒருக்கால் வரச்சொல்லு பாப்பம்" என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஒடிசலான ஆள், புதுச் சட்டையில் மடித்த அடையாளம் போகவில்லை. அம்மா ரோல்ஸும் கேசரியும் வைத்தார். மாமி தேநீர்த் தட்டைக் கொண்டுவந்தார். பெரியப்பா கோப்பையை எடுத்தார், சிரித்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"வலிகாமப் பக்கம் ஐயா. சின்னனிலையே வெளிக்கிட்டிட்டன். பிறகு முழுக்க ஜெர்மனிதான்."

"ஜெர்மனியிலை எவடம்?" என்று அப்பா கதிரை நுனிக்கு வந்தார்.

அவர் எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அப்பாவைப் பிறகு பிடிக்க முடியவில்லை. வாசலில் இருந்த சேவலைக் கேட்டார், வந்தவர் சொன்னார். மரத்தைக் கேட்டார், வழக்குப் பேசியதைச் சொன்னார். சனிக்கிழமைப் பாணின் வாசத்தைச் சொல்லும்போது கண்ணை வேறு மூடிக்கொண்டார். பெரியப்பா இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். உற்சாகம் கூடிப்போன மாப்பிள்ளை தானாகவே கிணற்றுக்கு வந்தார்.

"கிணத்துக் கட்டிலை காதை வைச்சால் மணி கேக்கும் அண்ணை. நானே கேட்டிருக்கிறன்."

அப்பா பேச்சை நிறுத்தினார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, கதவடியில் நின்ற மாமியைப் பார்த்தார். மாமியின் முகத்தில் இரத்தமே இல்லை. பாடத்தில் எங்கே பிழை விட்டேன் என்று நான் கலங்கிப்போனேன்.

அந்த இடைவெளியில் பெரியப்பா புகுந்தார். "அது கிடக்கட்டும். வலிகாமத்திலை எந்த ஊர்? கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

பதில் சொன்னது அப்பா.

"அண்ணை, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. இவர் எங்கட மலையிலை இருந்த பெடியன். எனக்கு நல்லாத் தெரியும். அந்த மணியை நானும் கேட்டிருக்கிறன். இனி விசாரிக்க ஒண்டுமில்லை."

அண்ணனுக்கு முன்னால் குரலே உயர்த்தாதவர் என் அப்பா. பெரியப்பா கோப்பையைத் தள்ளி வைத்தார். மாமி குசினிக்குள் ஓடினார். பின்னால் போய்ப் பார்த்தேன். அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதார், அழுதபடியே சிரித்தார். எனக்கும் பெரிய ஆறுதல். என் மாணவி தேறிவிட்டார், மணியும் உண்மைதான், அப்பாவே கேட்டிருக்கிறார்.

அந்த மணிக் கதை, என்னை நித்திரையாக்குவதற்காக அப்பா தன் பாட்டில் கட்டிவிட்ட புளுகு. நான் மாமிக்குச் சொல்லும்வரை உலகத்தில் அந்தக் கதை தெரிந்த ஆட்கள் இரண்டே பேர், அவரும் நானும். மாப்பிள்ளை, அதாவது இப்போது என் மாமா, ஜெர்மனியில் இருந்தது உண்மைதான், ஆனால் தொழிற்சாலைப் புகை மண்டிய ஒரு பட்டினத்தில்; அங்கே மேடு என்றால் மேம்பாலம்தான். பெரியப்பா கேட்டது ஊரை அல்ல, சாதியை என்பதும், அதற்குச் சொல்லக்கூடிய பதில் மாமாவிடம் இல்லை என்பதும் எனக்கு விளங்க இன்னும் பல வருடங்கள் பிடித்தன. அப்பாவுக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கியிருக்கிறது.

இலையுதிர் காலத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் கலியாணம் நடந்தது. மாமி அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. பெரியப்பா வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பன்றிக் காய்ச்சல் என்று எங்களை எந்த நேரமும் பயமுறுத்திக்கொண்டிருந்த காலம் அது.

"பெரியப்பாவுக்குப் பன்றிக் காய்ச்சலே?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. இது அதைவிடப் பழசு. ஊரிலையிருந்து கொண்டுவந்தது."

"எங்களுக்கும் தொற்றுமோ?"

"கவனமாய்த்தான் இருக்கவேணும்" என்றார் அப்பா.

சாப்பிடப் போவதற்கு முன் நான் சோப்புப் போட்டு இரண்டு தரம் கைகழுவினேன்.